தூக்கத்துலயே போயிட்டாக

ரவிக்கையின் கடைசிக் கொக்கியைக் கழற்றியபோதுதான் முத்துமீனா அதைப் பார்த்தாள்.

வீட்டை ஒட்டிய காலி மனையில், நான்கு பெண்கள் நான்கு பக்கமும் சேலையை விரித்துப் பிடித்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். தலை சாய்ந்துவிடாமல் சின்னம்மா முருகம்மாள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தாள். நீர்மாலைத் தண்ணீர் குடத்தில் இருந்தது, சீயக்காய் கிண்ணத்தில் குழைந்து இருந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

நெஞ்சின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்தது போலக் கன்றிப் போயிருந்தது. வலது தோளுக்குக் கீழே ஒன்றும் இடது விலாவில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் தோல் சதுரமாகச் சிவந்து, தொட்டால் பசைபோல் ஒட்டியது. முத்துமீனா சீயக்காயை எடுத்துத் தேய்க்கப் போனாள். எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கை லேசாக உள்ளே இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி?" என்று எட்டிப் பார்த்த முருகம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. "ஆத்தாடி... யாருடி எங்க அக்காளை அடிச்சது?"

"சத்தம் போடாத சின்னம்மா."

"நெஞ்செல்லாம் கன்னிப்போயி கெடக்கு, சத்தம் போடாதங்கிற!"

"வெளிய ஆம்பளைக இருக்காக. பொறு. குளிப்பாட்டி முடிப்போம்."

சேலைக்கு அடியில் ஒரு வெந்நீர் வாளி உள்ளே வந்தது. தள்ளிய கையை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அது பவதாரிணியின் கை, முத்துமீனாவின் தம்பி பொண்டாட்டி. மாமியாரைக் குளிப்பாட்ட மருமகள் உள்ளே வரவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அவளோ வாளியைத் தள்ளிவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனாள். பார்க்கக் கூடாததைப் பார்க்க வேண்டாம் என்றுதான் போகிறாள் என முத்துமீனா நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறெப்படியும் நினைக்க வரவில்லை.

காலையில் பதினொன்றே முக்காலுக்குத் தம்பி அருண்பாண்டி போன் செய்தபோது அவள் சிம்மக்கல்லில் தன் கடையில் இருந்தாள். பேப்பர் தட்டும் டம்ளரும் மொத்தமாக விற்கிற கடை அது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே எழுந்து, ஷட்டரைக்கூட இறக்காமல் ஆட்டோ பிடித்து ஒத்தக்கடைக்கு வந்தாள். வாசலிலேயே பவதாரிணி நின்றிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "தூக்கத்துலயே போயிட்டாக மதினி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுத்து வைத்தவள் ராமக்காள், நோய் நொடியில்லாமல் போய்ச் சேர்ந்தாள் என்று சனம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தெரு முனையிலிருக்கும் டாக்டரும் வந்து கையைப் பிடித்துப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தூக்கத்தில் போனவளுக்கு நெஞ்சு எப்படிக் கன்றும்?

பவதாரிணி நூற்றெட்டு ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவள். வண்டி ஓட்டுகிறவரைப் பைலட் என்பார்கள், பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து ஊசி, ஆக்சிஜன் எல்லாம் பார்க்கிறவள் இவள். நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கப் பார்ப்பார்கள் என்பது முத்துமீனாவுக்குத் தெரியாததல்ல. பயிற்சிக்குப் போன புதிதில் பவதாரிணி வீட்டில் தலையணையைப் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு அமுக்குவதை அவளே பார்த்துச் சிரித்திருக்கிறாள். அப்படி அம்மாவையும் அமுக்கியிருந்தால் சொல்லியிருக்கலாமே? நல்ல காரியம் செய்தவள் அதை எதற்கு மறைக்க வேண்டும்? முடிந்த மட்டும் பார்த்தேன் என்று மார்தட்டிக்கொள்கிற விஷயமில்லையா அது? தூங்கும்போதே செத்துப்போனவளை யார் போய் அமுக்குவார்கள்?

சந்தேகத்துக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், குடும்பத்தோடு வந்து குடியேறிவிடும். முத்துமீனாவுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் பவதாரிணிக்கும் ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்றுதான், பகல் தூக்கம். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற மருமகளைக் கொடிக்காலில் முதுகு ஒடிய வெற்றிலை கிள்ளி வளர்ந்த ராமக்காளால் ஜீரணிக்க முடியவில்லை. "பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கெடக்கா, நாலு பேரு வந்தா நான் என்னத்தச் சொல்றது" என்று வாரத்துக்கு மூன்று நாளாவது போனில் ஆவலாதி வரும். முத்துமீனாவும் சளைத்தவளில்லை. "ஆம்புலன்ஸ்காரியக் கட்டுனா அப்படித்தான், சங்கு ஊதிக்கிட்டே வருவா" என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

இன்றைக்குக் காலையிலும் அம்மா பேசியிருந்தாள். நெஞ்சு கரிக்கிறது என்றாள். ஓமத் தண்ணீர் குடி என்று இவள் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை என்று முத்துமீனா ஆட்டோவில் வரும்போதே தனக்குள் முடிவு செய்துவிட்டாள். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

குளிப்பாட்டி முடித்து, மாமா மலைச்சாமி சோழவந்தானிலிருந்து கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கட்டினார்கள். கழற்றிய ரவிக்கையை முத்துமீனா கையில் எடுத்துப் பார்த்தாள். அரக்கு நிறப் பட்டு ரவிக்கை. அம்மா கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுவது. அம்மா உடுத்தியிருந்ததோ வெளிறிப்போன பச்சை நூல் சேலை. எந்தப் பொம்பளை வீட்டில் படுத்துத் தூங்கப் பட்டு ரவிக்கை போடுவாள்? கொக்கிகளும் ஒன்றுவிட்டு ஒன்று மாறித்தான் மாட்டியிருந்தன.

கை கழுவக் குளியலறைக்குப் போனாள். வாஷிங் மிஷினுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை செருகியிருந்தது. இழுத்தாள். உள்ளே பச்சை ரவிக்கை, நடு மார்பில் மேலிருந்து கீழாகக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தது.

முத்துமீனா அதை விரித்துப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள். பயமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான். ரவிக்கையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

எதிர்வீட்டு மைதீன் பீவி டீ கேனோடு வந்து தம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். துஷ்டி வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அவள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தது. முத்துமீனா அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"அக்கா, காலையில நீங்க ஏதும் பாத்தீகளா?"

"நான் என்னத்தம்மா பாத்தேன்? துணி காயப்போட மாடிக்குப் போனேன். பதினொண்ணு, பதினொண்ணே கால் இருக்கும். ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு பையும் பொட்டியுமா உள்ள ஓடுனாங்க. மொதல்ல பவதாரிணிய எறக்கிவிட வந்த வண்டின்னுதான் நெனச்சிருந்தேன். ரொம்ப நேரம் உள்ளதான் இருந்தாங்க. அப்பறம் வெறும் வண்டியாப் போயிருச்சு. சங்குகூட ஊதல."

"உள்ள வந்துட்டு வெறும் வண்டியாவா போச்சு?"

"ஆமா. எனக்கும் என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. கேக்கப்படாதுன்னு கேக்கல. அல்லாவுக்குத்தான் தெரியும்."

வாசலில் தப்பு மேளத்தின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பச்சை மட்டை கட்டி, பாடை தயாராகிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குத் தூக்குகிறார்கள். மணி நாலேகால். சுடுகாட்டுக்குப் போய்த் தீயை வைத்துவிட்டால் அந்த நெஞ்சும் இல்லை, அதிலிருக்கிற காயமும் இல்லை. மலைச்சாமி மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முன்கோபி. அந்த நிமிடமே பாடையைப் பிரித்துப் போடச் சொல்லிப் போலீசுக்குப் போன் போடுவார். அம்மாவைப் பெரியாஸ்பத்திரிச் சவக்கிடங்குக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். தம்பி பொண்டாட்டி ஸ்டேஷனில் நிற்பாள். முதல் வகுப்புப் படிக்கிற அவள் மகன் முகேஷ் அதையெல்லாம் பார்ப்பான். சொல்லாவிட்டாலோ, அம்மாவை யார் என்ன செய்தார்கள் என்பது தெரியாமலே காலம் முழுக்க இந்த வீட்டுப் படியேற வேண்டும்.

"சொல்லிருவமாடி?" என்று முருகம்மாள் மூன்றாவது முறையாக வந்து காதில் கேட்டாள். "எங்க அண்ணன்ட்டச் சொல்லாம மறைச்சா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது."

"செத்த பொறு சின்னம்மா. நானே சொல்றேன்."

அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் சீருடையில் ஒருவர் ரோஜா மாலையோடு வந்தார். அம்மா காலடியில் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றவர்களைப் போல நாற்காலி தேடி உட்காராமல் நேரே பின்பக்கம் போனார். அது பவதாரிணியின் பைலட் மருது. முத்துமீனா குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குப் போகிறவள் போலச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

"சாப்டியாம்மா?" என்று மருது கேட்பது கேட்டது.

"இல்லண்ணே."

"ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன். நாளைக்கு மட்டுந்தான் குடுத்துருக்காக. மாத்தி விட ஆள் இல்லையாம்." அவர் குரல் தணிந்தது. "வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல. யாருக்கும் தெரிய வேணாண்ணே. உங்களக் கேட்டாலும் சொல்லிராதீக."

"எனக்கு மனசு ஒப்பல பவா."

"எனக்கு மட்டும் ஒப்புதாண்ணே?"

அதற்குமேல் முத்துமீனாவால் நிற்க முடியவில்லை. மருது போகும்வரை காத்திருந்து, பவதாரிணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். இடுப்பிலிருந்த ரவிக்கையை எடுத்து அவள் முன்னால் போட்டாள்.

"இது என்னதுடி?"

பவதாரிணி அதைப் பார்த்தாள். முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை. சலிப்புத்தான் இருந்தது. கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மருதண்ணன் வெட்டுனது. நான்தான் வெட்டச் சொன்னேன். ஷாக் வைக்கணும்னா நெஞ்சுல துணி இருக்கக் கூடாது. கொக்கி கழத்த நேரம் இல்ல."

"எங்க அம்மா நெஞ்சு கன்னிப்போயிருக்கு. கை வச்சா உள்ள போகுது. நீ என்னடான்னா தூக்கத்துல போச்சுங்கிற. வண்டி வந்துட்டு வெறுமனே போயிருக்கு. இப்ப அந்தாளுகிட்ட யாருக்கும் தெரிய வேணாம்ங்கிற. வெளிய எங்க மாமா நிக்கிறாரு. உண்மையச் சொல்லு, இல்லாட்டி இப்பவே போயிக் கூப்புடுவேன்."

"கத்தாதீக மதினி. சொல்றேன்."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கையும் வீங்கியிருந்தன.

"பத்தே முக்கால் இருக்கும். தொப்புன்னு சத்தம். எந்திரிச்சு வந்து பாத்தா அடுப்படி வாசல்ல அத்தை கெடக்காக. உடம்பெல்லாம் வேர்வை. நெனவு இருந்துச்சு. வண்டிக்குப் போன் போட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு வார்த்தை பேசுனாக. பேசிக்கிட்டு இருக்கும்போதே பேச்சு நின்னுபோச்சு. நாடி இல்ல. அமுக்க ஆரம்பிச்சேன். பக்கத்து வண்டி மேலூர்ல கேசுல இருந்துச்சு. மருதண்ணன் பகலுக்கும் சேத்து ஓட்டிக்கிட்டிருந்த எங்க வண்டி வர இருபது நிமிசம் ஆச்சு. ஒரே ஆளு ரெண்டு நிமிசத்துக்கு மேல அமுக்குனா கை ஓஞ்சுரும், ஆள மாத்துங்கன்னுதான் பயிற்சியில சொல்லுவாக. இங்க மாத்த யாரு இருக்கா? விலா எலும்பு உடையும், உடைஞ்சாலும் நிறுத்தாதீகன்னும் சொல்லுவாக. ரெண்டு உடைஞ்சுச்சு மதினி. சத்தம் கேட்டுச்சு. பொம்மையில அந்தச் சத்தம் வராது. நான் நிறுத்தல."

முத்துமீனா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி வந்தப்பறம் அவங்க ரெண்டு பேரும் பாத்தாக. ஷாக் குடுத்தாக. ஒண்ணும் வரல. கொண்டு போனா போஸ்ட்மார்ட்டம்பாங்க. வேணாம், விட்டுருங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். அந்த மாதிரிக் கெடக்க வேணாம்னு வேற ரவிக்கை மாட்டி விட்டேன். எது கைக்கு வந்துச்சுன்னு பாக்கல."

"இம்புட்டும் செஞ்சவ அதச் சொல்ல வேண்டியதுதான? பெறகு எதுக்குடி பொய்?"

பவதாரிணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது.

"ரெண்டு வார்த்தை பேசுனாகன்னு சொன்னேன்ல. என்ன பேசுனாகன்னு கேக்கலையே நீங்க?"

முத்துமீனா கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

"‘மீனாகிட்டச் சொன்னேன் தாயி. ஒன்னய எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், வைவா, பேசாமப் படுன்னுட்டா.’ இதத்தான் சொன்னாக."

வெளியே தப்புச் சத்தம் சட்டென்று நின்று, மறுபடியும் தொடங்கியது.

ஆமாம், அப்படித்தான் சொன்னாள். அம்மா நெஞ்சு கரிக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. இடது கை கனக்கிறது என்றும் சொன்னாள், என்னமோ பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். கடையில் அப்போது இரண்டு பேர் பில்லுக்கு நின்றிருந்தார்கள். "பவா இப்பத்தான் வந்து படுத்தா, எழுப்பட்டுமா" என்று அம்மா கேட்டபோது, "எதுக்கு? எழுப்புனா மூஞ்சிய மூணு நாளைக்குத் தூக்கி வச்சுக்குவா, வாங்கிக் கட்டிக்கணுமா? ஓமத்தக் காய்ச்சிக் குடிச்சுட்டுப் பேசாமப் படு" என்று இவள்தான் சொன்னாள். வீட்டிலேயே ஆளை வைத்துக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் அந்த வேலைக்கென்றே படித்த ஒருத்தி படுத்திருக்கும்போது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. இன்று மத்தியானம் முழுக்க யார் கழுத்தில் இதைக் கட்டலாம் என்றுதான் அலைந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"நெஞ்சு வலின்னு சொல்லிருந்தா எப்ப வந்துச்சு, யார்ட்டச் சொன்னாகன்னு உங்க தம்பி கேப்பாரு. மாமா கேப்பாரு. கேள்விக்கு மேல கேள்வி வரும்" என்றாள் பவதாரிணி. "தூக்கத்துலன்னு சொன்னா ஒரு கேள்வியும் இல்ல."

"எனக்காகவாடி பொய் சொன்ன?"

பவதாரிணி கொஞ்சம் யோசித்தாள்.

"உங்களுக்காக மட்டுமில்ல. விழுற சத்தம் கேக்குறதுக்கு முன்னாடி, கதவத் தட்டுற சத்தமும் எனக்குக் கேட்டுச்சு மதினி. மெதுவா, ரெண்டே தட்டு. கனவுன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். எனக்குத் தூக்கத்துல எப்பவும் யாராச்சும் கதவத் தட்டிக்கிட்டுத்தான் இருப்பாக. எம் புள்ளையப் பாருங்கம்பாக, எங்கப்பாவப் பாருங்கம்பாக. ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சா நான் எப்பத்தான் தூங்குறது? மூணு நாளா மாத்தி விட ஆள் நேரத்துக்கு வரல. ராத்திரி மட்டும் நாலு கேசு. தாப்பாள் வேற போட்டிருந்தேன். அத்தை உள்ள வந்து ஏதும் சொல்லுவாகன்னுதான் போடுறது."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த இரண்டு தட்டைக் கேட்டதும் முத்துமீனாவுக்கு மூச்சு வந்தது. அம்மா தன் பேச்சை அப்படியே கேட்கவில்லை, எழுந்து போய்த் தட்டியிருக்கிறாள். குற்றம் பாதிதான் தன்னுடையது. நினைத்த மாத்திரத்தில் அடுத்த நினைப்பும் வந்தது. தூக்கத்தில் போனாள் என்று ஊருக்கே பொய் சொன்னவள், தட்டினாள் என்று தனக்கு மட்டும் ஏன் ஒரு பொய் சொல்லக் கூடாது? பாதிச் சுமையை அவளே ஏற்றுக்கொள்வதற்காக அப்படிச் சொல்லியிருக்கலாம். பவதாரிணியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூன்று ராத்திரி தூங்காத முகம் அது. அதில் எதையும் படிக்க முடியவில்லை. இனி எந்தக் காலத்திலும் அவளுக்கு அது தெரியப் போவதில்லை.

கதவைத் தட்டினார்கள். "மீனா! வாய்க்கரிசி போட வாங்கத்தா, நேரமாகுது" என்று மலைச்சாமியின் குரல் கேட்டது. பவதாரிணி துள்ளி எழுந்து நின்றாள். கனவில்லை, நிஜமாகவே கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வெளியே பாடையைச் சுற்றிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முருகம்மாள் மடியில் அரிசியோடு நின்றிருந்தாள். முத்துமீனாவைப் பார்த்ததும் கண்ணால் கேட்டாள். முத்துமீனா தலையைக் குனிந்துகொண்டாள். முருகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, தூக்குறதுக்கு முந்தி ஒரு வார்த்தை. எங்க அக்கா ஒண்ணும் தூக்கத்துல போகல. அது நெஞ்சுல..."

தப்படித்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மொத்தக் கூட்டமும் திரும்பியது. மலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். தலைமாட்டில் கொள்ளிச் சட்டியோடு நின்ற அருண்பாண்டி ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தான். பவதாரிணி வாசற்படியில் நின்றாள். அவள் வாயைத் திறப்பாள் போலத்தான் இருந்தது.

"நான் சொல்றேன் மாமா" என்றாள் முத்துமீனா. தன் குரல் இவ்வளவு தெளிவாக வருமென்று அவளே நினைக்கவில்லை. "அம்மா நெஞ்சுல காயம் இருக்கு. பவா அமுக்குனது. டீ குடிக்க எழுப்பப் போயிருக்கா, மூச்சு இல்ல. மனசு கேக்காம, அவ படிச்ச படிப்புக்கு, அமுக்கிப் பாத்துருக்கா. வண்டிய வரச்சொல்லிக் கரண்டு வச்சும் பாத்துருக்காக. அம்மா அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

"அத ஏத்தா மொதல்லயே சொல்லல?"

"செத்த உடம்பப் போட்டு இந்தப் பாடு படுத்துனியேன்னு நீங்க வைவீகன்னு பயந்துருக்கா."

மலைச்சாமி வாசற்படிக்குப் போய்ப் பவதாரிணியின் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பிறகு மூக்கைச் சிந்தி, "யாரு வையப் போறா" என்று சொல்லிவிட்டு, "தூக்குங்கப்பா" என்றார்.

முருகம்மாள் மட்டும் முத்துமீனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடை தெருமுக்குத் திரும்பும்வரை அவள் பார்வை மாறவில்லை.

வீட்டைக் கழுவி விட்டு, விளக்கேற்றி வைத்தபோது ஏழு மணி. அருண்பாண்டி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்து கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தான். முகேஷ் மூலையில் தூங்கிப் போயிருந்தான். பவதாரிணி அடுப்படியில் மைதீன் பீவி கொடுத்துவிட்ட சோற்றைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிட்ஜ் மேல் அம்மாவின் போன் கிடந்தது. அதை எடுத்து, யார் யார் கூப்பிட்டார்கள், யாருக்கெல்லாம் இன்னும் சேதி சொல்லவேண்டும் என்று அருண்பாண்டி விரலால் தள்ளிக்கொண்டே வந்தான். முத்துமீனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"காலையில ஒனக்குப் பேசிருக்காக்கா அம்மா? பத்து எட்டுக்கு."

"ஆமாடா."

"ஆறு நிமிசம் பேசிருக்கு." அவன் நிமிர்ந்தான். "எங்கிட்டச் சொல்லவே இல்லயே. என்ன சொல்லுச்சு?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பவதாரிணி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

முத்துமீனா சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள், அது நிஜம். தம்பியின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். காதோரம் சவரக் கத்தி பட்டு ஒரு கீறல் இருந்தது. அந்த ஆறு நிமிடத்தில் முதல் நாலு நிமிடம் அம்மா பேசியது பேரனைப் பற்றித்தான்.

"முகேஷுக்கு முன்பல்லு ஆடுதாம். புடுங்க விட மாட்டேங்கிறானாம். அதத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"வேற ஒண்ணுஞ் சொல்லலையா? மேலுக்குச் சொகமில்லைன்னு, எதும்?"

"சொல்லலடா."

அருண்பாண்டி அக்காவைப் பார்த்தான். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"அத்தைக்கு நாலு நாளா அந்தப் பல்லு நெனப்புத்தான்" என்றாள் பவதாரிணி, முதுகைக் காட்டிக்கொண்டே. கரண்டி மறுபடியும் சோற்றுக்குள் இறங்கியது.

அவன் இரண்டு பேரையும் இன்னொரு தடவை மாறி மாறிப் பார்த்தான். போனைத் திருப்பி, "சார்ஜ் இல்ல" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னான். பிரிட்ஜுக்குப் பின்னால் கை விட்டு ஒயரைத் தேடி எடுத்துச் செருகினான். சுவிட்சைப் போட்டுவிட்டு, திரையில் பச்சைக்கோடு ஏறத் தொடங்கும்வரை அங்கேயே நின்றான்.